தடி வந்தால்தான் பச்சை

பாதையில் கொடி பிடித்து நிற்கிறவனை ஏசாமல் போன ஒரு சாரதியை நான் என் சேவைக் காலத்தில் காணவில்லை. சைக்கிள்காரர் வாய்க்குள் ஏசுவார். லொறிக்காரர் ஊர் கேட்க ஏசுவார். உத்தியோகத்தர்மார் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசுவார்கள். இதை வாசிக்கிற நீங்களும் ஒருநாள் கல்லடிப் பாலத்துக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ வெயிலில் வரிசையில் நின்று, முன்னால் சிவப்புக் கொடியோடு நிற்கிற கறுத்த மனிசனின் தாய் தகப்பன் வரைக்கும் போயிருப்பீர்கள். அந்த மனிசன் நான்தான். கோபமில்லை, நானும் அதே வெயிலில்தான் நின்றேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அப்போது புதுப் பாலம் இல்லை. வாவிக்கு மேலே பழைய இரும்புப் பாலம் ஒன்றுதான். அதில் ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வாகனம்தான் போகலாம். டவுன் பக்க முனையில் நான். கல்லடிப் பக்க முனையில் மரியதாஸ். நான் பிறந்தது தேற்றாத்தீவு, கலியாணம் முடித்து எங்கள் பக்க வழக்கப்படி பெண்டாட்டி வீட்டோடு டவுனில் இருக்க வந்தவன். மரியதாஸ் கல்லடிக் கடற்கரைக்காரன், வேதக்காரன், நெட்டையன், நிற்கிற இடத்தை விட்டு அசையாதவன். அந்தக் கடைசிக் குணத்தால்தான் இதையெல்லாம் எழுத வேண்டியிருக்கிறது.

வோக்கிடோக்கி கேட்டது

பாலம் நீளம். பெரிய லொறி ஒன்று நடுவில் வந்தால் அந்தப் பக்கம் நிற்கிறவன் கண்ணுக்குத் தெரியமாட்டான். மாரி மழையில் கொடியும் தெரியாது, ஆளும் தெரியாது. ஒருநாள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பச்சைக் கொடியைக் காட்டி, நடுப்பாலத்தில் ஒரு நெல் லொறியும் ஒரு பஸ்ஸும் மூஞ்சிக்கு மூஞ்சி நின்று, பின்னுக்கு எடுக்க ஏலாமல் பின்னேரம் வரைக்கும் சண்டை. அடுத்த நாள் நான் பாதை வேலைக் கந்தோருக்குப் போய் ஆளுக்கொரு வோக்கிடோக்கி வேண்டும் என்று கேட்டேன். அது சண்டைக் காலம். பெரிய கிளாக்கர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "அதைக் காதில வச்சிக்கிட்டு நிக்கிற உன்னை ஆமிக்காரன் பிடிச்சி, ஆரோட கதைச்சாய் எண்டு கேட்டா, பாலத்தோட எண்டா சொல்லுவாய்?" என்றார். நியாயமான கேள்வி. திரும்பி வந்துவிட்டேன்.

அந்தக் கிழமை மரியதாஸ் உடைந்த துடுப்பு ஒன்றின் பிடியை வெட்டி, சிவப்பும் வெள்ளையுமாய்ப் பூசி, அடியில் கம்பியைச் சுட்டு ஒரு சின்னச் சிலுவை போட்டுக் கொண்டுவந்தான். இவன் தன் பக்கத்து வரிசையின் கடைசி வாகனத்தில் அந்தத் தடியைக் கொடுத்தனுப்புவான். அது என் கைக்கு வந்தால் பாலம் வெறுமை, நான் திறக்கலாம். என் வரிசையின் கடைசி வாகனத்தில் நான் திருப்பி அனுப்புவேன். தடி எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம்தான் பச்சை. சிலுவை எதற்கு என்று கேட்டேன், நான் திருநீறு பூசுகிறவன் என்பதால் கொஞ்சம் கிண்டலாகவும் கேட்டேன். அவன் அதைக் கவனிக்கவில்லை, தடியைத் தட்டிக் காட்டினான்.

"இது கதைக்காது மச்சான். அதால இதை ஒருத்தனும் பிடிக்கமாட்டான்."

கல்முனைக்குப் போன தடி

தடியின் குறை ஒன்றுதான். அதைக் கொண்டுபோகிறவனுக்கு ஞாபகம் இருக்க வேண்டும். ஒருநாள் என் வரிசையில் கடைசியாக நின்றது கல்முனை பஸ். சாரதி இந்தப் பாதைக்குப் புதுசு. தடியைக் கொடுத்தேன், அந்தப் பக்கம் நிற்கிறவரிடம் கொடு என்றேன், தலையை ஆட்டினான். ஆட்டின தலை நேரே கல்முனைக்குப் போய்விட்டது. மரியதாஸ் கையை நீட்டியபடி நிற்க, பஸ் அவனுக்கு ஒரு ஹோன் அடித்துவிட்டுப் போனதாம்.

மரியதாஸ் தன் பக்கத்தைத் திறக்கவில்லை. தடி வராததால் என் பக்கமும் திறக்க ஏலாது. பாலம் காலியாகக் கிடக்க, இரண்டு பக்கமும் வரிசை நீண்டுகொண்டே போனது. ஏச்சைக் கேட்க முடியாமல் நானே பாலத்தைக் கடந்து நடந்து போனேன். "டேய், என்ட வாயால சொல்லுறன், கடைசி பஸ் போயிட்டுது, துற" என்றேன். அவன் என்னைத் தாண்டிப் பாலத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். கடைசியில் நான் திரும்ப நடந்து என் முனைக்கு வந்து, ஒரு பூவரசம் கம்பை முறித்து, ஒரு மீன்காரரின் சைக்கிளில் கொடுத்தனுப்பிய பிறகுதான் பச்சைக் கொடி எழும்பியது. உண்மைத் தடி பொழுதுபடும்போது அதே பஸ்ஸில் வந்து சேர்ந்தது. அன்று முழுக்க அவனோடு நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் பாலத்தில் அவன் சொன்ன பதில் இன்றைக்கும் எனக்குப் பாடம்.

"நீ வந்திட்டாய் மச்சான், சரி. உனக்குப் பின்னால ஒருத்தனும் வரேல்ல எண்டு நான் எப்பிடி நம்புற?"

கலியாணமும் செத்தவீடும்

எந்தப் பக்கத்துக்கு எவ்வளவு நேரம் விடுவது என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. வரிசையின் நீளத்தைப் பார்ப்போம், அதற்கு மேல் வரிசையில் நிற்கிறது என்ன என்றும் பார்ப்போம். ஐஸ் போட்ட மீன் பெட்டி காத்திருக்காது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் காத்திருப்பார்கள், அவர்களுக்கு அதில் சந்தோஷம். பிள்ளை பெற நோக்கண்ட பெண் வந்தால் தடியும் இல்லை சட்டமும் இல்லை.

ஒரு முகூர்த்த நாளில் என் பக்கம் மாப்பிள்ளை வான், மரியதாஸ் பக்கம் ஒரு செத்தவீட்டு வண்டி. இரண்டு பகுதியும் முதலில் போக வேண்டும் என்று நின்றார்கள். மாப்பிள்ளையின் மாமன் என் சட்டையைப் பிடித்து, நேரம் தவறினால் நீதான் பொறுப்பு என்றார். தடி மரியதாஸின் கையில் இருந்தது. அவன் செத்தவீட்டை விட்டான். நான் பிறகு, கலியாணத்துக்கு நேரம் உண்டு, செத்தவருக்கு என்ன அவசரம் என்று சண்டை பிடித்தேன். செத்தவரின் மகன் தன்னிடம் கேட்டதை மட்டும் அவன் சொன்னான்.

"எங்கட அப்பா உசிரோட இருக்கேக்க இந்தப் பாலத்தில நிண்டது காணும். இண்டைக்காவது நேர விடுங்க."

நத்தாருக்கு அடுத்த நாள்

நத்தார் அன்று மரியதாஸுக்கு லீவு. அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வந்துவிட்டான். முதல் வாகனத்தில் தடியோடு ஒரு கடதாசிச் சரை கேக்கும் அனுப்பியிருந்தான். பாதையில் சனம் குறைவு. தடி இரண்டு மூன்று முறை போய் வந்தது. கடைசியாக அவன் பக்கம் இருந்தபோதுதான் பாலத்தின் அந்த முனையில் சத்தம் கேட்டது. முதலில் வந்தது ஒரு ஓட்டோ. அதில் இருந்தவர்கள் நனைந்திருந்தார்கள். மழையில்லாத நாள். பிறகு சைக்கிள்கள், வான்கள், ஓடி வருகிற சனம். "கடல் வருது, கடல் வருது" என்றார்கள். கடல் வருவது என்றால் என்ன என்று எனக்கு விளங்கவில்லை. உங்களுக்கும் அன்றைக்கு விளங்கியிருக்காது.

கொஞ்ச நேரத்தில் என் பக்கத்திலும் சனம் சேர்ந்துவிட்டது. இவர்களுக்குப் போக வேண்டும். பிள்ளைகள் அங்கே, பெண்டாட்டி அங்கே, தாய் அங்கே. நான் குறுக்கே நின்றேன். ஒரு வாகனம் உள்ளே போனால் நடுவில் முட்டி நிற்கும், பிறகு அங்கிருந்து ஒருத்தரும் வர ஏலாது. நடந்து போகிறவர்கள் ஓரத்தால் போங்கள், வாகனம் விடமாட்டேன் என்று கத்தினேன். என்னை அடித்தார்கள். கொடித்தடி முறிந்தது. மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர் மட்டும் அடிக்கவில்லை. சைக்கிளை என் காலடியில் போட்டுவிட்டு, வருகிற சனத்துக்கு எதிராகக் கைபிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓடினார். கடைசியாக ஒரு ஐஸ் வான் வந்தது. பின்கதவு திறந்தபடி, உள்ளே ஒருவர் மேல் ஒருவராகப் பிள்ளைகள். சாரதி ஹோனை அமுக்கியபடி நிற்காமல் என்னைத் தாண்டி ஆஸ்பத்திரிப் பக்கம் போய்விட்டான். அதற்குப் பிறகு வாகனம் வரவில்லை. பிறகு நடந்து வந்த சனமும் நின்றது. வாவித் தண்ணீர் சேறாகி மேலே ஏறிக்கொண்டிருந்தது. என் பக்கத்துச் சனம் என்னைத் தள்ளிவிட்டுப் பாலத்தில் ஏறியது. நான் அந்த முனையைப் பார்த்தேன். சிவப்புக் கொடியும் இல்லை, பச்சைக் கொடியும் இல்லை. தடியும் வரவில்லை.

மோட்டார் சைக்கிள்காரர் மத்தியானத்துக்கு முன்னால் திரும்பி வந்தார். தோளில் ஒரு பெண் பிள்ளை, உயிர் இருந்தது. நான் ஓடிப்போய், பிள்ளை கிடைத்ததே, கடவுள் காப்பாற்றினார் என்று சொல்லிவிட்டேன். அவர் பிள்ளையை என் கையில் தந்துவிட்டு மறுபடியும் பாலத்தின் பக்கம் திரும்பினார்.

"இது என்ட இல்ல. ஆர்ட புள்ளையெண்டு கேட்டுப் பாருங்க."

றோஸ்மலரின் கையெழுத்து

மரியதாஸ் கிடைக்கவில்லை. அவன் நின்ற முனையில் அவனுடைய குடை கிடந்தது, அதுவும் கம்பி மட்டும். உடலும் இல்லை, தடியும் இல்லை. அவன் பெண்டாட்டி றோஸ்மலர் அன்று டவுனில் தன் தங்கை வீட்டில் இருந்ததால் பிழைத்தவ. கல்லடி வீடு இருந்த இடத்தில் கிணறு மட்டும் இருந்தது. முகாமிலிருந்து விடிய எழும்பி அப்பம் சுட்டு, கூடையில் வைத்துப் பாலத்தின் என் முனைக்குக் கொண்டுவந்து விற்கத் தொடங்கினா. வாங்குகிற சாரதிமார் எல்லாரிடமும் ஒரு கேள்வி கேட்பா: சிவப்பும் வெள்ளையுமாய் ஒரு தடி, அடியில் சிலுவை, எங்கேயும் கண்டீர்களா?

கந்தோரிலிருந்து ஆள் வந்தது. காணாமல் போனவர் இறந்துவிட்டார் என்று அவ கையெழுத்து வைத்தால் மரணச் சான்றிதழ் கிடைக்கும், அந்த வேலைக்குப் புது ஆள் போடலாம், அவவுக்கும் ஏதாவது கிடைக்கும். அவ வைக்கமாட்டேன் என்றுவிட்டா. நானும் சொல்லிப் பார்த்தேன். நண்பன் உயிரோடு இல்லை என்று எனக்குத் தெரியும், அந்தத் தண்ணீரைப் பார்த்தவன் நான். ஆனால் எங்கள் இரண்டு பேருக்கும் அவ ஒரே பதில்தான் சொன்னா. கந்தோர்க்காரர் பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு போனார்.

"தடி குடுக்காம அவரு ஒருநாளும் பாலத்தை விட்டு வந்ததில்லையே நடராசண்ணன். தடி வரட்டும், மறுகா நான் வைக்கிறன்."

அவசரமில்லாத வரிசை

கையெழுத்து இல்லாமலே அந்த முனைக்குத் தற்காலிகமாய் ஒரு புது ஆள் போட்டார்கள், புதுத் தடியும் வெட்டினோம். தடியில் நான் சிலுவை போடவில்லை, போட மனம் வரவில்லை. இரண்டு வருஷத்துக்குள் சண்டை மறுபடியும் மூண்டது. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் செல் குண்டு விழுந்து, சனம் சட்டி பானையோடும் மாட்டோடும் டவுனுக்குள் வந்து, இங்கே இடமில்லாமல் எங்கள் பாலத்தைக் கடந்து கல்லடிப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்கும், அங்கால் செட்டிபாளையம் வரைக்கும் போனது. வயல் செய்கிற சனம். வட்டையில் கதிர் முற்றி நிற்க விட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

அந்த நாளில் ஆமி வாகனத் தொடர் வந்தால் தடிக்கு மதிப்பில்லை. இரண்டு பக்கமும் சிவப்பு, தொடர் முடியும்வரை நிற்க வேண்டும், எப்போது முடியும் என்று கேட்கவும் கூடாது. ஒருநாள் என் வரிசையின் முன்னால் பெட்டி பூட்டிய ஒரு லான்ட்மாஸ்டர் உழவு மெஷின். பெட்டியில் ஒரு குடும்பம், நடுவில் ஒரு கட்டில், கட்டிலில் ஒரு கிழவர். வெயிலில் வேர்த்துக் கிடந்தார். எனக்கு மனம் கேட்காமல், அந்தப் பெண்ணிடம் போய், அம்மா, மன்னித்துக்கொள்ளுங்கள், பிந்துகிறது என்றேன். கொடி பிடித்த காலத்தில் நான் ஒருவரிடம் மன்னிப்புக் கேட்டது அதுதான் முதல்தரம். அவ கிழவருக்கு ஓலை விசிறியால் வீசியபடி என்னை ஏற இறங்கப் பார்த்தா.

"எங்களுக்கு அவசரமில்ல தம்பி. போற இடம் எதெண்டு தெரிஞ்சாத்தானே பிந்துறதுக்கு."

கண் வைத்த விளக்கு

சண்டை முடிந்துவிட்டது என்று ஒருநாள் வானொலி சொன்னது. ஒரு பக்கம் வெடி கொளுத்தினார்கள், ஒரு பக்கம் சனம் வாயைத் திறக்கவில்லை. அடுத்து வந்தது அபிவிருத்தி. கொழும்பிலிருந்து ஒரு எஞ்சினியர் பெண் பிள்ளை வந்தா, எங்களுக்குக் கொடி வேலை இனி இல்லை என்றா. இரண்டு முனையிலும் கம்பம் நட்டு, விளக்குப் பூட்டி, மேலே கமரா வைத்தார்கள். சாதாரண விளக்கு இல்லை. வரிசையில் எத்தனை வாகனம் நிற்கிறது என்று அதுவே எண்ணி, கூட நிற்கிற பக்கத்துக்குக் கூட நேரம் விடும். என்னைக் கம்பத்தடியில் இருக்கும் பெட்டிக்குக் காவல் போட்டார்கள். அந்தப் பெட்டியை ஆரும் ஒன்றும் செய்யப்போவதில்லை, கிழவனை வீட்டுக்கு அனுப்பாமல் இருக்க ஒரு சாட்டு என்று எனக்கு விளங்கியது. உண்மையைச் சொல்ல வேண்டும், விளக்கு நன்றாகத்தான் வேலை செய்தது. அதற்குச் சட்டை இல்லை, அதனால் பிடித்து இழுக்கவும் ஏலாது. முதல் கிழமை மட்டும் கொஞ்சம் கரைச்சல். பச்சை விழுந்தாலும் சனம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. கல்லடி மீன்காரர் ஒருவர், "அது பச்சை எண்டு சொல்லுது, நீ ஒண்டும் சொல்லேல்லையே" என்று கோபித்துக்கொண்டார்.

நான் எஞ்சினியர் பிள்ளையிடம் ஒன்று கேட்டேன். வரிசையை எண்ணுவது சரி, பாலம் காலியென்று அதற்கு எப்படித் தெரியும்? அவ பொறுமையாக விளங்கப்படுத்தினா. ஒரு முனையில் உள்ளே போனது எத்தனை, மறு முனையில் வெளியே வந்தது எத்தனை என்று இரண்டு கமராவும் கணக்குப் பார்க்குமாம். போன ஒன்று வெளியே வராவிட்டால் இரண்டு பக்கமும் சிவப்புத்தான். இதைத்தானே மரியதாஸ் சொன்னான். அப்பக் கூடையோடு பக்கத்தில் நின்ற றோஸ்மலரும் கேட்டுக்கொண்டிருந்தா. "வராட்டி, எவ்வளவு நேரம் பாத்துக்கொண்டு இருக்கும் பிள்ள?" என்றா.

எஞ்சினியர் பிள்ளைக்கு றோஸ்மலர் ஆரென்று தெரியாது. சிரித்துக்கொண்டு, கேட்ட கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொன்னா.

"கொஞ்ச நேரம் பார்க்கும் அம்மா. அதுக்கும் வரலன்னா, அப்படி ஒண்ணு உள்ள போகவே இல்லன்னு வச்சிட்டுத் திறந்துடும். இல்லன்னா ரோட்டு ஒருநாளும் திறக்காதே."

இரண்டு பக்கமும் சிவப்பு

சண்டை முடிந்த மறு வருஷம். காலையில் இரண்டு விளக்கும் சிவப்பில் நின்றுவிட்டன. வரிசை நீள்கிறது, ஹோன் அடிக்கிறார்கள், பெட்டிக்குக் காவலிருக்கிற என்னை ஏசுகிறார்கள். பழக்கம் விடவில்லை, பாலத்தை எட்டிப் பார்த்தேன். நடுவில் ஒரு ஆள் சைக்கிளைக் கைபிடிக் கம்பியில் சாய்த்துவிட்டு, இந்த முனையையும் அந்த முனையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். தற்கொலை செய்யப்போகிறவன் என்றுதான் நினைத்தேன். அந்த வருஷத்தில் அப்படி நினைப்பது அதிசயமில்லை. நான் பாலத்தில் கால் வைக்க, விளக்குக்குப் பொறுமை முடிந்து என் பக்கம் பச்சை விழுந்தது. முன்னால் நின்ற லொறி உறுமியது. நான் குறுக்கே பாய்ந்து, தோளில் கிடந்த சிவப்புத் துவாயை இரண்டு கையாலும் விரித்துக்கொண்டு நின்றேன். பச்சை கண்ணுக்குத் தெரியவில்லையா என்பதை லொறிக்காரர் எப்படிக் கேட்டார் என்று இங்கே எழுத ஏலாது.

கிட்டப் போனபோதுதான் அவன் கையில் இருந்ததைக் கண்டேன். சாயம் போய் மரம் தெரிந்தது. அடியில் சிலுவை இருந்தது.

அவன் பெயர் யோகராசா. அன்றைக்கு ஐஸ் வான் ஓட்டி வந்தவன். மரியதாஸ் கல்லடி முனையில் அந்தப் பிள்ளைகளைத் தூக்கித் தூக்கி வானுக்குள் போட்டானாம். பிறகு கதவடிக்கு வந்து தடியை யன்னலால் திணித்து, "இதான் கடைசி. அங்கால நிக்கிறவன்ட கையில குடு, துறக்கச் சொல்லு" என்றானாம். நீயும் ஏறு என்று இவன் கூப்பிட, மரியதாஸ் பின்னால் திரும்பிப் பார்த்தானாம். பின்னால் நடந்து வருகிற சனம் இருந்தது. வானில் இடமும் இல்லை. பிள்ளைகளின் அழுகையில் இவனுக்குத் தடியும் மறந்தது, நானும் மறந்தேன். ஆஸ்பத்திரியில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, வானை டவுனுக்கு வெளியே தாய் வீட்டில் போட்டுவிட்டு, கடலைக் கண்டாலே நடுங்கிய பெண்டாட்டியையும் இரண்டு பிள்ளைகளையும் வன்னிக்கு, பெண்டாட்டியின் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். பிறகு பாதை பூட்டினார்கள். சண்டை முடிந்து, முகாமில் இருந்து, போன கிழமைதான் தனியாகத் திரும்பி வந்திருந்தான். தாய் வானில் கிடந்த அந்தத் தடியைப் பின்கதவுக்குக் குறுக்குக் கட்டையாகப் போட்டிருந்தா. அதைக் கண்டதும் எடுத்துக்கொண்டு வந்தவன், கல்லடி முனையிலும் கொடிக்காரன் இல்லை, டவுன் முனையிலும் கொடிக்காரன் தெரியவில்லை, ஆரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நடுவில் நின்றுவிட்டான்.

"நான்தான் அங்கால நிண்டவன்" என்று தடியை வாங்கினேன். வன்னியில் பெண்டாட்டி பிள்ளைகள் எங்கே என்று கேட்டிருக்கக் கூடாது, கேட்டுவிட்டேன். அவன் வாவியைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"கடல் வராத இடமெண்டுதான் அண்ணன் கூட்டிட்டுப் போனன்."

தடி வந்தது

யோகராசாவையும் கூட்டிக்கொண்டு என் முனைக்கு வந்தேன். றோஸ்மலர் எங்களைக் கண்டா, தடியைக் கண்டா, கையிலிருந்த அப்பத்தைத் திரும்பக் கூடைக்குள் வைத்தா. தடியை வாங்கி முதலில் அடியைத் திருப்பிச் சிலுவையைப் பார்த்தா. அழவில்லை. நான்தான் அழுதேன், அதை மறைக்கவும் இல்லை. யோகராசா நடந்ததைச் சொன்னான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றை மட்டும் அவ திரும்பக் கேட்டா. "இதான் கடைசி எண்டு அவரு வாயால சொன்னவரா?" ஓம் என்றான். "அவரு தன்ட பக்கத்தை அனுப்பி முடிச்சிட்டுத்தான் நிண்டிருக்காரு" என்றா. அது கேள்வியா, சொன்னதா என்று எனக்குப் பிடிபடவில்லை. யோகராசா மறுபடியும் ஓம் என்றான்.

பிறகு அவ அவனை உட்காரச் சொல்லி, இரண்டு அப்பம் எடுத்துக் கையில் கொடுத்தா. தின்னும்வரை பார்த்துக்கொண்டிருந்தா. அடுத்த நாள் கந்தோருக்குப் போய்க் கையெழுத்து வைத்தா, நான் கூடப் போனேன். ஆனால் அது அடுத்த நாள். அன்றைக்கு, பின்னால் வரிசை கத்திக்கொண்டிருக்க, விளக்கு தன்பாட்டில் சிவப்பும் பச்சையும் மாறிக்கொண்டிருக்க, அவ தடியை என் கையில் திருப்பி வைத்தா. வைத்துவிட்டுச் சொன்னா.

"தடி வந்திட்டுதே அண்ணன். துறந்து விடுங்க."

கமரா வைத்த விளக்குக்குக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, உள்ளே போனவர் போகவே இல்லை என்று வைத்துக்கொள்ளத் தெரிகிறது, எங்களுக்கோ ஆராவது தடியைக் கொண்டுவந்து கையில் தர வேண்டியிருக்கிறது, அதுவும் இந்த நாட்டில் சிவப்பில் நிற்கிற எல்லாருக்கும் வந்து சேர்கிறதில்லை.